பழைய சத்திரம் கல்லூரி ஆவது எப்படி?

கும்பகோணமோ தஞ்சாவூரோ மன்னார்குடியோ, கடைத்தெரு நடுவே பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய கட்டடத்தைப் பற்றி டீக்கடையில் பேச்சு எழுந்தால் உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். “இடிச்சுத் தள்ளிட்டு ஆறு மாடி எழுப்புனா ஊருக்குள்ள ஒரு காலேஜாவது வரும்” என்பார் ஒருவர். “எதுக்கு இடிக்கணும்? அந்தக் காலத்துக் கட்டடம், இரும்பு மாதிரி நிக்குது. வெள்ளையடிச்சு பெஞ்சைப் போட வேண்டியதுதானே” என்பார் இன்னொருவர். இரண்டுமே செய்யக்கூடியதுதான். முதலாவதைச் செய்தால் கட்டடம் போய்விடும். இரண்டாவதைச் செய்தால் நாலைந்து வருஷத்தில் பிள்ளைகள் தலையில் காரை விழும்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. கட்டடத்தின் உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு அதற்கு வேறு வேலை கொடுப்பது. இதற்கு மறுபயன்பாடு என்று பெயர். மராமத்து, புதுப்பித்தல், திருப்பணி என்று நாம் புழங்கும் சொற்களோடு இதைக் கலந்து பேசுவதால்தான் பாதிக் குழப்பம். கோயில் திருப்பணியில் கோயில் கோயிலாகவே இருக்கிறது. செய்யும் வேலை மாறுவதில்லை. மறுபயன்பாட்டில் வேலையே மாறுகிறது. சிக்கல் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

விளக்கத்துக்காக ஒரு கட்டடத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கும்பகோணத்தில் தேர் ஓடும் ஒரு வீதி. அதில் நூறு வருஷத்துச் சத்திரம். முன்னால் திண்ணை, உள்ளே ரேழி, நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றித் தாழ்வாரம், மரப்படி ஏறினால் மாடியில் நாலு அறை, பின்னால் நீளக் கொல்லை. ஒரு பல்கலைக்கழகம் இதைத் தன் நகர வளாகமாக மாற்ற வருகிறது. இனி இந்தச் சத்திரத்துக்குள்ளேயே சுற்றி வருவோம்.

## கல்யாண வீட்டில் நடப்பதுதான்

வீட்டில் கல்யாணம் என்றால் என்ன செய்கிறோம்? முந்நூறு பேருக்குச் சமைக்க வேண்டும் என்பதற்காக அடுக்களைச் சுவரை யாரும் இடிப்பதில்லை. கொல்லையில் கோட்டை அடுப்பு மூட்டுகிறோம். வாசலில் பந்தல் போடுகிறோம். முட்டி வலிக்காரப் பெரியவர்களுக்குக் கூடம், இளவட்டங்களுக்கு மாடி, அரிசி மூட்டைக்கு ரேழி, சம்பந்தி வீட்டாருக்கு எதிர்வீடு. நாலு நாள் கழித்துப் பந்தலைப் பிரித்தால் வீடு பழைய வீடுதான்.

மறுபயன்பாடும் இதே கணக்கு. எந்த வேலையை எந்த இடத்தில் உட்காரவைப்பது என்பதுதான் முதல் கேள்வி. வகுப்பறை, நூலகம், ஆய்வகம், கழிப்பறை, அலுவலகம் என்று கையில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு கட்டடத்தை அதற்கேற்ப வெட்டினால் வேலை கெட்டது. கட்டடத்தை முதலில் படித்துவிட்டு, எது எங்கே பொருந்தும், எது பொருந்தவே பொருந்தாது என்று பிரிக்க வேண்டும். பொருந்தாதது கொல்லையில் எழும் புதுக் கட்டடத்துக்குப் போகும், கோட்டை அடுப்பு போனதுபோல.

இந்தப் பக்கத்தில் கண்ணெதிரே உதாரணங்கள் உண்டு. கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வாழ்ந்த சின்ன ஓட்டு வீடு இப்போது அருங்காட்சியகம். சாஸ்த்ரா பல்கலைக்கழகம் 2003-ல் அப்படி மாற்றியது. நாலு பேர் வந்து பார்த்துவிட்டுப் போகும் வேலை அந்த வீட்டுக்குப் பாரமே இல்லை. திருச்சிக்குப் போனால், தெப்பக்குளம் அருகே இருக்கும் கிளைவ் மாளிகை தூய வளனார் கல்லூரியின் விடுதியானது. ஆள் தங்கிய இடத்தில் ஆள் தங்குகிறார்கள். மலைக்கோட்டைப் பக்கம் ராணி மங்கம்மாள் கொலுவீற்றிருந்த மண்டபம் அரசு அருங்காட்சியகமாக இருக்கிறது. மூன்றிலுமே புது வேலை பழைய வேலைக்குத் தூரத்துச் சொந்தம்.

சத்திரம் கல்லூரியாவதும் அப்படியொன்றும் ஒவ்வாத சம்பந்தம் இல்லை. மராத்திய மன்னர் சரபோஜி காலத்து ஒரத்தநாடு முத்தாம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கருக்குச் சோறு போட்டதோடு நிற்கவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆசிரியர்களும் இருந்தார்கள். தங்க இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் ஒரே கூரையின் கீழ். இன்றைக்கு வளாகம் என்று நாம் சொல்வதும் ஏறக்குறைய அதைத்தானே?

## பந்தலும் வைக்கோல் போரும்

இனி, கட்டடம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பார்ப்போம். இன்று கட்டும் வீடுகளில் முதலில் கான்கிரீட் தூணும் உத்தரமும் எழும். சுவர் பிறகு வரும். அந்தச் சுவர் வெறும் மறைப்பு. இதைச் சட்டகக் கட்டடம் என்பார்கள். பந்தல் மாதிரி: நாலு காலும் நின்றால் போதும், பக்கத்துக் கீற்றைக் கழற்றினாலும் பந்தல் நிற்கும்.

நம் சத்திரம் வைக்கோல் போர் மாதிரி. அங்கே சுவர்தான் எல்லாம். மாடியின் எடை, கூரையின் எடை, அதில் நடப்பவர் எடை அத்தனையும் ஒன்றரை இரண்டு அடி தடிமனுள்ள செங்கல் சுவர் வழியாகத்தான் மண்ணுக்கு இறங்குகிறது. இதைச் சுமை தாங்கும் சுவர் என்பார்கள். போரின் நடுவே கைநிறைய வைக்கோலை உருவினால் என்ன ஆகும் என்பது களத்தில் விளையாடிய எல்லாருக்கும் தெரியும்.

“இந்த ரெண்டு ரூமுக்கு நடுவுல இருக்கற சுவரை எடுத்துட்டா நூறு பேர் உட்கார்ற ஹால் ஆயிடும்” என்று யாராவது சொல்லும்போது நினைவில் வைக்க வேண்டியது இதுதான். எடுக்கவே முடியாது என்றில்லை. மேலே இரும்பு உத்தரம் செருகி, இரண்டு பக்கமும் எடை இறங்க வழி செய்துவிட்டு எடுக்கலாம். ஆனால் அந்தக் காசுக்குக் கொல்லையில் புதிதாகவே ஒரு ஹால் கட்டிவிடலாம்.

ஆக, அறையின் அளவை மாற்றுவது கடைசி வழி. அந்த அளவுக்கு ஏற்ற வகுப்பைக் கொண்டுவருவது முதல் வழி. முப்பது பேர் வகுப்பு, ஆய்வு மாணவர் அறை, பேராசிரியர் அறை எல்லாம் சத்திரத்து அறைகளில் அளவெடுத்ததுபோல உட்காரும்.

## மாடியில் புத்தகம் வைக்கலாமா?

நல்ல காற்று, வெளிச்சம், அமைதி. நூலகத்துக்கு மாடியைத்தான் எல்லாரும் கை காட்டுவார்கள். இங்கேதான் கொஞ்சம் கணக்கு வேண்டும்.

கட்டடத்தின் சொந்த எடை நிலைச்சுமை. ஆள், பெஞ்சு, புத்தகம் என்று வந்து போகும் எடை மாறுஞ்சுமை. ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதிப்படி, குடியிருக்கும் அறையின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ மாறுஞ்சுமை தாங்க வேண்டும். வகுப்பறை என்றால் 300 கிலோ. புத்தக அடுக்குகள் வரிசையாக நிற்கும் அறை என்றால் 600 கிலோ, அடுக்கு 2.2 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் இன்னும் கூடும்.

20 அடிக்கு 30 அடி அறை என்றால் சுமார் 56 சதுர மீட்டர். அதில் யாத்திரிகர் பாய் விரித்துப் படுத்திருந்தவரை கணக்கு 11 டன். வகுப்பு நடந்தால் 17 டன். நூலகம் வைத்தால் 33 டன்னுக்கு மேல். கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பமாக நினைத்துப் பாருங்கள், 840 சிப்பத்தை அந்த அறையில் அடுக்கியதற்குச் சமம்.

அதைத் தாங்கப்போவது எது? மெட்ராஸ் டெரஸ் என்று மேஸ்திரிகள் சொல்லும் தளம். தேக்கு உத்தரத்தின்மேல் நெருக்கமாக மரச்சட்டம் பரப்பி, அதன்மேல் சின்னச் செங்கல்லைக் கோணவாக்கில் நெட்டாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கிய தளம். இரும்புக் கம்பி ஒன்றுகூடக் கிடையாது. மரம் நன்றாக இருக்கும்வரை தளமும் நன்றாக இருக்கும்.

மரம் நன்றாக இருக்கிறதா என்பதை நடுவில் அண்ணாந்து பார்த்துச் சொல்ல முடியாது. நடு உத்தரம் எண்ணெய் தடவினதுபோல மின்னும். நோய் இருப்பது சுவருக்குள் புதைந்த முனையில். அங்கே வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை, மழைக்கு மழை ஈரம் மட்டும் உண்டு. அனுபவமுள்ள மேஸ்திரி ஏணி போட்டு ஏறி, சுவரோரம் திருப்புளியால் குத்திப் பார்ப்பார். நல்ல தேக்கில் முனை இறங்காது. மக்கிய மரத்தில் அவித்த வள்ளிக்கிழங்கில் இறங்குவதுபோல இறங்கும். மக்கிய முனையை மட்டும் அறுத்துவிட்டு இரும்புத் தகடு பிடித்து முட்டுக் கொடுத்தால் மீதி உத்தரம் தொடர்ந்து உழைக்கும். முழுத் தளத்தையும் பெயர்க்க வேண்டியதில்லை.

இதற்குப் பிறகு விடை தானாக வந்துவிடுகிறது. புத்தக அடுக்கு கீழ்த்தளத்தில், மண்மேல் நேராக. படிக்கும் மேசை வேண்டுமானால் மாடியில். மாடிக்கூரையில் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியை ஏற்றி வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். தண்ணீர் மட்டுமே ஒரு டன், கசிவு தனி.

## சுவர் தண்ணீர் குடிக்கிறது

டெல்டாவில் இந்த விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நம் மண் களிமண் கலந்த வண்டல். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தால் கிணற்றில் நீர் ஏறும். சுவரிலும் ஏறும்.

குத்துவிளக்கில் எண்ணெய் கீழே இருக்கிறது, சுடர் மேலே எரிகிறது. எண்ணெயை மேலே கொண்டு போவது திரி. நூலுக்கு நடுவே இருக்கும் மெல்லிய இடுக்குகள் எண்ணெயை இழுக்கின்றன. செங்கல்லிலும் காரையிலும் அதே மாதிரி கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. மண்ணின் ஈரம் அவற்றின் வழியே மேலே வருவதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். பழைய சுவருக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் பட்டை பெரும்பாலும் இருக்காது.

அப்படியானால் இத்தனை வருஷம் எப்படி நின்றது? மண்பானையின் குணம் அதற்கு இருப்பதால்தான் என்று சொல்வேன். பானை கசிகிறது, கசிந்த நீர் காற்றில் ஆவியாகிறது. சுண்ணாம்புக் காரை பூசிய சுவரும் அப்படித்தான், குடித்த தண்ணீரை மெல்ல வியர்த்து வெளியே விட்டுவிடும். அந்தப் பானைமேல் பாலிதீன் பையை இறுக்கிக் கட்டினால் என்ன ஆகுமோ அதுதான் சிமெண்டு பூசும்போது ஆகிறது. ஈரம் உள்ளே மாட்டிக்கொள்கிறது. கூடவே வந்த உப்பு பூச்சுக்கு அடியில் படிகமாகி உப்பி, பூச்சைத் தள்ளிவிடுகிறது.

எங்கள் மன்னார்குடி வீட்டில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கூடத்துச் சுவர் முழங்கால் உயரத்துக்குப் பொரிந்து போனது. பழைய காரையைக் கொத்திவிட்டுச் சிமெண்டு பூசினார்கள். ரெண்டு ஐப்பசி தாங்கவில்லை, மறுபடி உப்புப் பூத்தது. சரி, டைல்ஸ் ஒட்டினால் தீர்ந்தது என்று இடுப்பு உயரத்துக்கு ஒட்டினோம். ஈரம் டைல்ஸுக்கு மேலே போய் நெஞ்சு உயரத்தில் பூத்தது. அப்புறம்தான் ஒரு வயதான கொத்தனார், “அது போறதுக்கு வழி கேக்குது, நீங்க வழியை அடைச்சுக்கிட்டே போறீங்க” என்றார்.

சுண்ணாம்புக்கு இன்னொரு குணமும் உண்டு. சுட்ட கிளிஞ்சலோ சுண்ணாம்புக்கல்லோ நீற்றப்பட்டுக் காரையாகிச் சுவரில் ஏறிய பிறகு, காற்றில் இருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடி கல்லாகிறது. இது மெதுவாக நடக்கும் வேலை, வருஷக்கணக்கில்கூட நீளும். இறுகிய பிறகும் செங்கல்லைவிட மெத்தென்றுதான் இருக்கும். கட்டடம் கொஞ்சம் அசைந்தால் காரை வளைந்து கொடுக்கும். சிமெண்டு வளையாது. அது விரியும், இல்லையென்றால் பக்கத்துச் செங்கல்லை உடைக்கும். சிமெண்டு கெட்ட பொருள் என்று நான் சொல்லவரவில்லை. கொல்லையில் எழும் புதுக் கட்டடத்துக்கு அது இல்லாமல் முடியாது.

இதுவரை பார்த்த மூன்று: சுவர்தான் எடையைத் தாங்குகிறது, மரமுனைதான் முதலில் சாகிறது, சுவருக்கு வியர்க்க வழி வேண்டும். இந்த மூன்றும் பிடிபட்டால் பழைய கட்டடத்தைப் பற்றிய பேச்சில் முக்கால்வாசியைப் புரிந்துகொள்ளலாம்.

## வெளியே வரும் வழி

கும்பகோணத்தை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடக் கட்டடம் பற்றி எழுதும்போது 2004 ஜூலை 16-ஐத் தாண்டிப் போக முடியாது. சமையல் கூரையில் பற்றிய தீ வகுப்பின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள். குறுகலான வழி.

பழைய கட்டடங்களை நேசிப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். சத்திரத்து மரப்படி ஒன்றுதான். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். வாசற்கதவு உள்பக்கம் திறக்கும். பதறி ஓடிவரும் கூட்டம் அதை அடைத்துக்கொண்டே தள்ளும். மேலே முழுக்க மரம். சென்னை சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012 ஜனவரியில் எரிந்தபோது தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். அதுவும் அரசு அலுவலகமாக மறுபயன்பாட்டில் இருந்த கட்டடம்தான்.

அதனால் கொல்லைப்புறத்தில் கட்டடத்தை ஒட்டி, ஆனால் அதன்மேல் சாயாமல், இரும்பில் இரண்டாவது படி எழும். கதவுகள் வெளிப்பக்கம் திறக்கும்படி மாறும், அல்லது வகுப்பு நேரத்தில் அகலத் திறந்தே கட்டப்படும். மின்கம்பிகள் அடியோடு புதிதாகும்.

சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்கு வழி செய்வது சட்டப்படி கடமை. சாய்தளத்துக்கு 1-க்கு 12 என்பது கணக்கு: ஓர் அடி ஏற 12 அடி நீளம். சத்திரத் தரை தெருவிலிருந்து இரண்டரை அடி உயரம் என்றால் 30 அடி சாய்தளம் வேண்டும். வாசலில் திண்ணையை உடைத்து அதைப் போட முடியாது. பக்கச் சந்து இருந்தால் அதன் வழியே வரும். லிஃப்ட் முற்றத்துக்குள் வராது. இரண்டாவது படியோடு கொல்லையில் நிற்கும்.

## தையல் பிரிப்பதுபோல

நல்ல தையல்காரர் உள்ளே துணி விட்டுத் தைப்பார். பிள்ளை வளர்ந்தால் பிரித்துப் பெரிதாக்கலாம். பசை போட்டு ஒட்டியிருந்தால் துணி கிழியும். பழைய கட்டடத்தில் நாம் சேர்ப்பது எதுவாக இருந்தாலும், நாளைக்குக் கழற்றினால் கட்டடத்துக்குக் காயம் இருக்கக் கூடாது. இதற்கு மீட்கத்தக்க மாற்றம் என்று பெயர்.

இதன்படி மின்கம்பிக்காகச் சுவரைக் கீறி காடி வெட்டுவதில்லை. சுவரோரமாகக் குழாய் ஓடும், கண்ணுக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை. அறையைப் பிரிக்கக் கண்ணாடித் தடுப்பு தரையில் நிற்கும், தூணில் ஆணி இறங்காது. கழிப்பறை முழுக்கப் புதுக் கட்டடத்தில்; மரத்தளத்தின்மேல் குழாய்த் தண்ணீர் புழங்கும் அறை வைப்பது வினையை விலைக்கு வாங்குவது. வைஃபை கருவி அறைக்கு ஒன்று வேண்டியிருக்கும், இரண்டடிச் சுவரைத் தாண்டி அலை போக மறுக்கும். ஏ.சி. வேண்டுமா என்று கேட்டால், முற்றமும் உயர்ந்த கூரையும் இருக்கும் கட்டடத்தில் முதலில் அடைத்து வைத்த ஜன்னல்களைத் திறந்து பாருங்கள் என்பேன்.

முகப்பை மட்டும் நிறுத்திக்கொண்டு பின்னால் எல்லாவற்றையும் இடித்து எழுப்புவதையும் சிலர் மறுபயன்பாடு என்று சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. முகமூடிக்கும் முகத்துக்கும் உள்ள வித்தியாசம் அது.

## முதல் ஒரு வருஷம் ஒன்றும் நடக்காது

பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். “காசை வாங்கிட்டு சும்மா கிடக்கறாங்க” என்று பேச்சு வரும். உள்ளே நடப்பது வேறு. சுவர் விரிசலின் குறுக்கே தீக்குச்சிப் பெட்டி நீளத்துக்கு ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதி வைத்திருப்பார்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் வளர்கிறது என்று அர்த்தம். உடையாவிட்டால் அது பழைய கதை, அடைத்துவிட்டுப் போகலாம். நம் களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். ஒரு சித்திரையும் ஒரு ஐப்பசியும் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது.

அனுமதியும் இந்தச் சமயத்தில்தான். மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் இன்னும் 200 மீட்டருக்கு, அதாவது மொத்தம் 300 மீட்டர் வரை, அனுமதி பெற்றே கட்ட வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம் என்று இப்படிப்பட்ட இடங்கள் நிறைந்த பகுதியில், கொல்லைக் கட்டடம் எழும்புமா என்பதை இந்த அளவே முடிவு செய்துவிடும்.

செலவு? நேர்மையாகச் சொன்னால், சதுர அடிக் கணக்கில் இடித்துக் கட்டுவதைவிட எப்போதும் மலிவு என்று சொல்ல முடியாது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் குறைவு, நேரமும் பிடிக்கும். கையில் வருவது, பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே வரக்கூடிய வளாகம். 1981-ல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம்போல ஊருக்கு வெளியே பரந்த நிலத்தில் அமையும் வளாகத்துக்கு அதன் வசதி உண்டு. அறுவடை முடிந்து அப்பாவோடு நகைக்கடைக்கு வந்த பெண் அப்படியே சேர்க்கை விண்ணப்பம் வாங்கிப் போவது கடைத்தெரு வளாகத்தில்தான் நடக்கும்.

## திறப்பு விழாவுக்குப் பிறகு

நாடா வெட்டிய மறுநாளிலிருந்து வேலை தொடங்குகிறது. வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன் ஆள் மாடி ஏற வேண்டும். தட்டோட்டு இடுக்கில் விரிசல் இருக்கிறதா, மழைநீர்த் தூம்பு இலையால் அடைத்திருக்கிறதா, முற்றத்து வடிகால் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கைப்பிடிச் சுவர் மூலையில் காக்கை எச்சத்தில் முளைத்த அரசங்கன்று கட்டாயம் இருக்கும். இரண்டு இலை, பார்க்க அழகு. அதை அரிவாளால் கொத்திவிட்டு இறங்கிவிட்டால் அடுத்த வருஷம் நாலு கிளையாக நிற்கும், வேர் காரைக்குள் விரல் மாதிரி இறங்கியிருக்கும். இரண்டு இலையாக இருக்கும்போதே, பக்கத்துக் காரையைக் கொஞ்சம் பெயர்த்து, வேரை நுனிவரை உருவி எடுத்து, பெயர்த்த இடத்தைச் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும். பத்து நிமிஷ வேலை. அதற்கு மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.